பல்லைத் தொடும் முன் சோதித்துப் பார்த்த இடம்: மகளின் தாடை எலும்புக் குழிக்கு நாங்கள் பெற்ற சிகிச்சை

என் மகளுக்கு 15 வயது. பல் வரிசை கொஞ்சம் கோணல், கம்பி மாட்டலாம் என்று போனோம். கம்பி மாட்டும் முன் இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரியும்படி ஓபிஜி எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்தப் படத்தில் கீழ்த்தாடையின் இடது பக்கம், முதல் கடைவாய்ப்பல்லுக்கும் அதற்கு முந்தின பல்லுக்கும் அடியில் ஒரு கருப்புத் திட்டு தெரிந்தது. அகலம் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, முகத்தில் ஒரு மாற்றமும் கிடையாது. கம்பிக்காகப் படம் எடுக்காமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

படம் எடுத்த கிளினிக்கில் ஐந்து நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். "வேர்ல கட்டி வந்திருக்கு. ரெண்டு பல்லுக்கும் ரூட் கேனால் பண்ணிடலாம், அப்புறம் கட்டியை எடுத்துடலாம்." இரண்டு பல்லிலும் சொத்தை இல்லை, அடிபட்டதும் இல்லை. நான் அதைக் கேட்டேன். "படத்துல தெரியுதே" என்பதுதான் பதில். மறுநாளைக்கே நேரமும் குறித்துக் கொடுத்தார்கள்.

நான் மரவேலை செய்கிறவன், 22 வருஷமாக. ஒரு பலகையில் கருப்பாக ஒரு திட்டு இருந்தால் அது தண்ணீர் இறங்கியதாக இருக்கலாம், முடிச்சாக இருக்கலாம், உள்ளே வண்டு துளைத்துக் கூடாகிப் போனதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல மாட்டேன். தட்டிப் பார்ப்பேன், ஆணி முனையால் குத்திப் பார்ப்பேன், அப்புறம்தான் உளியை எடுப்பேன். என் பிள்ளையின் நல்ல பல்லைத் தட்டிக்கூடப் பார்க்காமல் துளை போடுகிறோம் என்றதும் மனசு ஒப்பவில்லை. அந்த நேரத்தை ரத்து செய்துவிட்டு, நர்ஸாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைன்னு பல் ஆஸ்பத்திரியில தனிப் பிரிவு இருக்கு தம்பி, அங்க காட்டு" என்றார். அந்தப் பிரிவைப் பற்றித்தான் இந்த விமர்சனம். பெயரைப் போடவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு திட்டு தெரிந்தால், நீங்கள் போகும் இடத்தில் இதெல்லாம் செய்கிறார்களா என்று ஒத்துப் பார்க்கத்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் இரண்டே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அது குறைதான், சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே போன பிறகு அந்த டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பல்லு உயிரோட இருக்கான்னு யாராவது டெஸ்ட் பண்ணாங்களா?" இல்லை என்றேன்.

பஞ்சை மிளகு அளவுக்கு உருட்டி, அதில் குளிரூட்டும் ஸ்பிரேயை அடித்தார். பஞ்சில் வெள்ளையாகப் பனி படிந்தது. "சில்லுனு இருந்தா கையைத் தூக்கு, சில்லு போனதும் இறக்கிடு கண்ணு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, முதலில் வலது பக்கத்து நல்ல பல்லில் வைத்தார். கை மேலே போனது, இரண்டு நொடியில் இறங்கியது. அப்புறம் இடது பக்கம், திட்டுக்கு மேலே நிற்கும் இரண்டு பல்லிலும் ஒவ்வொன்றாக வைத்தார். அங்கேயும் அதே மாதிரி. மின்சாரம் துளியளவு கொடுத்துப் பார்க்கும் ஒரு கருவியாலும் சோதித்து எண்களை எழுதிக்கொண்டார். வலது பக்கத்தை ஏன் முதலில் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கூச்சத்தின் அளவு வேறு, இவளுக்கு இயல்பு எதுவென்று தெரிந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும் என்றார்.

"ரெண்டு பல்லும் உயிரோட இருக்கு. இதுக்கு ரூட் கேனால் தேவையே இல்லை."

தாடையில் அதிகம் பார்க்கும் நீர்க்கட்டி, உள்ளே செத்துப்போன பல்லின் வேர் நுனியில் வருவது. அதற்கு ரூட் கேனால் சரியான வைத்தியம்தான். ஆனால் அந்த வகை என்று சொல்வதற்குப் பல் செத்திருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் பல்லுக்கு அடியில் கருப்பாக ஒன்று தெரிந்தால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு பஞ்சு உருண்டையில் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம் இது. அதைச் செய்யாமல் இரண்டு பல்லின் நரம்பை எடுக்க இருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

அப்புறம் அவர் செய்த இன்னொரு காரியம் எனக்கு அப்போது புரியவில்லை. மகளின் இரண்டு உள்ளங்கையையும் விளக்கின் கீழே விரித்துப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது தாடையில் கட்டி எடுத்திருக்கிறார்களா, தோலில் திரும்பத் திரும்பப் புண் மாதிரிக் கட்டி வந்திருக்கிறதா என்று விசாரித்தார். தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் கெரட்டோசிஸ்ட் என்று ஒரு வகை உண்டு. சின்ன வயதில் அது ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வந்தால், பரம்பரையாக வரும் ஒரு கோளாறின் பகுதியாக இருக்கலாம். கார்லினும் கோல்ட்ஸும் 1960-ல் அதை விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே அழைக்கிறார்கள். அந்தக் கோளாறு உள்ளவர்களின் உள்ளங்கையில் ஊசி முனையால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், விலா எலும்பு பிளவுபட்டிருக்கும், தோல் புற்றுநோயும் வரக்கூடும். மகள் கையில் அப்படி ஒன்றும் இல்லை. தாடையைக் காட்டப் போன இடத்தில் உள்ளங்கையைப் பார்த்த டாக்டர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

அடுத்து கோன் பீம் சிடி. தலை முழுவதும் வேண்டாம், கீழ்த்தாடை மட்டும் போதும் என்று குறித்துக் கொடுத்தார். சின்னப் பிள்ளைக்குத் தேவைக்கு மேல் கதிர் படக் கூடாது என்பதற்காக. ஓபிஜி தட்டையான படம், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இது எலும்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்டுகிறது. திரையில் அவர் சுட்டிக்காட்டியதை மறக்க முடியாது. குழியின் மேல் விளிம்பு நேர்கோடாக இல்லை, ஒவ்வொரு வேருக்கும் இடையில் விரல் நுழைந்த மாதிரி அலை அலையாக ஏறி இறங்கியது. வேர்கள் கரையவில்லை. பல்லை உள்ளிருந்து எதுவும் தள்ளவும் இல்லை. வெளிப்பக்க எலும்பு மட்டும் ஒட்டுப்பலகையின் மேல் தகடு மாதிரி மெலிந்திருந்தது.

அவர் மனசில் இருந்த சந்தேகங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மேலே வராத பல்லின் தலையைச் சுற்றி வரும் கட்டி இல்லை, ஏனென்றால் அங்கே புதைந்த பல் எதுவும் இல்லை. கெரட்டோசிஸ்டாக இருக்கலாம், அது எலும்பின் நீளவாக்கில் உள்ளேயே ஊர்ந்து வளரும், வெளியே வீக்கம் காட்டாது. உள்ளே ரத்தம் ஊறிய கடற்பஞ்சு மாதிரி இருக்கும் அனூரிஸ்மல் எலும்புக் குழியாக இருக்கலாம், ஆனால் அது பெரும்பாலும் எலும்பை ஊதிப் பெரிதாக்கும். அமெலோபிளாஸ்டோமா என்ற கட்டியின் ஒற்றைக் குழி வகை இந்த வயதிலும் வரும், அது புற்றுநோய் இல்லை என்றாலும் அக்கம்பக்கத்து எலும்பைத் தின்னும், அதனால் அதைப் பட்டியலிலிருந்து சும்மா எடுக்க முடியாது. கடைசியாக, அவர் அடிக்கோடு போட்டது, வெறும் எலும்புக் குழி. சிம்பிள் போன் சிஸ்ட் என்பார்கள். பெயரில் சிஸ்ட், அதாவது நீர்க்கட்டி, என்று இருந்தாலும் உண்மையான சிஸ்டுக்கு உள்ளே இருக்க வேண்டிய தோல் மாதிரியான படலம் இதற்குக் கிடையாது. பத்திலிருந்து இருபது வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் அதிகம், பெரும்பாலும் கீழ்த்தாடையில், பெரும்பாலும் வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாக மாட்டும்.

"இதுதான்னு நினைக்கிறேன். ஆனா திறந்து பார்க்காம உறுதியா சொல்ல மாட்டேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அங்கே தங்கினேன்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். தாடையில் இந்தக் குழியை முதலில் எழுதி வைத்தவர் லூக்காஸ், 1929-ல். 1946-ல் ரஷ்டன் அடையாளங்களை வரையறுத்தார்: ஒற்றைக் குழியாக இருக்க வேண்டும், உள்ளே படலம் இருக்கக் கூடாது, சீழ் பிடித்த தடயம் இருக்கக் கூடாது, சதை இல்லாமல் பெரும்பாலும் திரவம் இருக்க வேண்டும், சுவர் கெட்டியான எலும்பாக இருக்க வேண்டும். அடிபட்டு எலும்புக்குள் கட்டிய ரத்தம் ஆறாமல் குழியாகிவிடுகிறது என்று ஒரு கருத்து உண்டு, அதனால்தான் காயக் குழி என்றும் அழைத்தார்கள். ஆனால் அடிபட்ட நினைவே இல்லாதவர்களுக்கும் வருகிறது. என் மகள் கால்பந்து விளையாடுகிறவள், நான் உடனே பந்தைக் குற்றம் சொன்னேன். அப்படி முடிவு கட்ட முடியாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. மகளைக் கண்ணை மூடச் சொல்லி, கீழுதட்டிலும் மோவாயிலும் பஞ்சு நுனியால் தொட்டு, அப்புறம் மழுங்கிய ஊசியால் தொட்டு, எங்கே என்ன தெரிகிறது என்று படம் வரைந்து குறித்துக்கொண்டார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புதான் அந்த உதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கிறது, குழி அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு மரத்துப்போனால் எவ்வளவு, எதுவரை என்று ஒப்பிட இந்தப் படம் வேண்டும். சம்மதப் படிவத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார்கள். உதடு கொஞ்ச நாள் மரத்துப் போகலாம், அரிதாக நிரந்தரமாகவும் இருக்கலாம், எலும்பு மெலிந்திருப்பதால் விரிசல் விடவும் கூடும் என்று மறைக்காமல் சொன்னார்கள். மகளையும் உட்கார வைத்துச் சொன்னார்கள், என்னிடம் மட்டும் இல்லை.

ஊசி போட்டு மரக்கவைத்துத்தான் செய்தார்கள், முழு மயக்கம் இல்லை. எலும்பைத் திறக்கும் முன் கனமான ஊசியை உள்ளே செலுத்தி இழுத்துப் பார்த்தார்களாம். இந்தப் படி ஏன் முக்கியம் என்று முன்னாடியே சொல்லியிருந்தார். ரத்தம் பீறிட்டு ஊசியைத் தள்ளினால் அது ரத்தக்குழாய்க் கோளாறு, அதைத் தெரியாமல் திறந்தால் உயிருக்கே ஆபத்து. தயிர் திரிந்தது மாதிரிக் கெட்டியாக வந்தால் கெரட்டோசிஸ்ட். வைக்கோல் நிறத்தில் மினுமினுக்கும் துகள்களோடு வந்தால் சாதாரண நீர்க்கட்டி. மகளுக்கு வந்தது ரத்தம் கலந்த மஞ்சள் நீர் நாலு சொட்டு. அதற்குப் பிறகு காற்றுதான்.

ஈறைத் தூக்கி, மெலிந்த எலும்பில் நகத்தளவு ஜன்னல் திறந்திருக்கிறார்கள். உள்ளே எடுத்த புகைப்படத்தை அப்புறம் எனக்குக் காட்டினார். நான் பார்த்த பொந்துகளிலேயே சுத்தமான பொந்து அது. வெள்ளையாக மழமழவென்று சுவர், கட்டி என்று எதுவும் இல்லை, அடியில் மட்டும் குறுக்கே ஒரு வெளிர்நிறக் கயிறு கிடந்தது. அதுதான் உதட்டுக்குப் போகும் நரம்பு, எலும்பின் காப்பு இல்லாமல் வெறுமனே கிடந்தது. சுவரை மெதுவாகச் சுரண்டி ரத்தம் கசிய வைத்து, அந்த ரத்தம் குழியை நிறைத்ததும் ஈறை மூடித் தைத்துவிட்டார்கள். வைத்தியம் அவ்வளவுதான். தேங்கும் ரத்தம் உறைந்து, அதன் மேல் எலும்பு தானாக வளரும். வேர் நுனிகளைச் சுற்றி மட்டும் கருவியைக் கொண்டுபோகவில்லை, அங்கே சுரண்டினால் பல்லுக்குப் போகும் ரத்த ஓட்டம் அறுந்து, காப்பாற்றிய பல் செத்துவிடும் என்றார். சுரண்டி எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்கள்.

மொத்தம் 50 நிமிஷம். வெளியே வந்த மகள் எழுதிக் காட்டியது: "வலிக்கலை. தலைக்குள்ள யாரோ இழைப்புளி போடுற மாதிரி சத்தம்." அவள் என் பட்டறையில் வளர்ந்த பிள்ளை.

இப்போது குறைகள். பயாப்ஸி முடிவுக்கு 12 நாள் ஆனது. அந்த 12 நாளில் ஒரு போன் இல்லை. நாங்கள்தான் மூன்று முறை கூப்பிட்டோம், ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எடுத்து "இன்னும் வரல" என்றார்கள். டாக்டர் எவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லியிருந்தாலும், பெற்றவர்களுக்கு அந்தத் தாள் கைக்கு வரும்வரை தூக்கம் கிடையாது. தாமதம் ஆகிறது என்று ஒரு வார்த்தை அவர்களே சொல்லியிருந்தால் போதும். வந்த அறிக்கையும் முழுக்க ஆங்கிலத்தில், நோயாளிக்காக எழுதிய ஒரு வரி இல்லை. டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் புரிந்தது: ரத்தக்குழாய் உள்ள மெல்லிய திசு, எலும்புத் துணுக்கு, படலம் இல்லை, கெட்டது எதுவும் இல்லை. ஸ்கேனுக்கு ஒரு கவுன்டர், தேதிக்கு ஒரு கவுன்டர், அறிக்கைக்கு ஒரு கவுன்டர் என்று அலைய விட்டதும் மாற வேண்டும். கூட வரும் ஆள் இல்லாத வயசானவர்கள் என்ன செய்வார்கள்?

உதடு மூன்று வாரம் மரத்திருந்தது. ஒவ்வொரு வருகையிலும் அந்தப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, மரத்த இடம் சுருங்குவதைக் கோடு போட்டுக் காட்டினார்கள். நாலாவது வாரம் முழுதும் சரியானது. ஆறு வாரம் மெல்லுவதற்கு எளிதான சாப்பாடு. எலும்பு நிறைகிறவரை கால்பந்து வேண்டாம் என்றார்கள், இவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

காத்திருப்பு அறையில் பழக்கமான ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் எங்களைப் போல ஒரே தடவையில் முடியாது. முப்பது வயதுக்காரர், கெரட்டோசிஸ்ட். கடைசிக் கடைவாய்ப்பல் பக்கம் தொடங்கித் தாடை மேலேறும் இடம் வரை பரவியிருந்ததாம். ஒரேயடியாக எடுத்தால் எலும்பு ஒடியும் என்று, முதலில் குழிக்குள் சின்னக் குழாய் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார்கள். தினமும் இரண்டு வேளை சிரிஞ்சில் உப்பு நீர் எடுத்து அந்தக் குழாய் வழியாக அவரே கழுவ வேண்டும். ஒன்பது மாதம் செய்திருக்கிறார். உள்ளே அழுத்தம் குறையக் குறைய குழி சுருங்கி, சுற்றிலும் எலும்பு வளர்ந்து, நரம்பும் தள்ளி வந்துவிட்டது. மிச்சத்தை இப்போது எடுக்கப் போகிறார்கள். கழுவும் திறப்பை இந்த மாதிரி விட்டுவைக்கும் யோசனை பார்ட்ஷ் என்பவருடையது, 1892-லேயே எழுதியது. அந்த நோய்க்குப் பெயரிலேயே குழப்பம் உண்டு. 1956-ல் சிஸ்ட் என்று பெயர் வைத்தார்கள், திரும்பத் திரும்ப வருகிறது என்பதால் 2005-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை டியூமர், அதாவது நீர்க்கட்டி இல்லாத வளர்கட்டி, என்று மாற்றியது, 2017-ல் மறுபடியும் சிஸ்ட் என்றே ஆக்கியது. பெயர் எதுவானாலும் பல வருஷம் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவருக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்களாம். குழாயைக் கழுவக் கற்றுக்கொடுத்த நர்ஸைப் பற்றி அவர் நன்றியோடு பேசிக்கொண்டே இருந்தார். முதல் வாரம் தினமும் வரச் சொல்லி, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாராம்.

இதற்கு நேர்மாறாக, ஒன்றுமே செய்யக் கூடாத குழியும் உண்டு. காதுக்குக் கீழே தாடை வளையும் மூலைக்குப் பக்கத்தில், நரம்பு ஓடும் கால்வாய்க்குக் கீழே, உள்பக்கம் உமிழ்நீர்ச் சுரப்பி அமரும் இடத்தில் எலும்பு பள்ளமாக இருக்கும். எக்ஸ்ரேயில் பார்த்தால் அசல் கட்டி மாதிரியே தெரியும். ஸ்டாஃப்னே 1942-ல் 35 பேரிடம் பார்த்து எழுதியது. அதைத் திறக்கவே வேண்டாம். இப்படி மூன்று கருப்புத் திட்டுக்கு மூன்று வழி: ஒன்றைத் திறந்து பார்த்து மூட வேண்டும், ஒன்றை மாதக்கணக்கில் கழுவ வேண்டும், ஒன்றைத் தொடவே கூடாது. எது எதுவென்று கண்டுபிடிக்க நேரம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் காத்திருப்பு அதிகமாக இருந்தாலும் பரவாயில்லை என்பேன்.

முதல் எக்ஸ்ரேயின் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் கொடுப்பதில்லை. எங்களுக்கு ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் அதுதான் உதவியது. ஆறாவது மாதப் படத்தில் கருப்புக்குள் மங்கலாகச் சாம்பல் படர்ந்திருந்தது, ஓரங்களில் எலும்பு இழை தெரிந்தது. பன்னிரண்டாவது மாதம் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புதிய படத்தில் எந்த இடம் என்று நான் தேட வேண்டியிருந்தது.

அன்றைக்கும் அவர் பஞ்சை உருட்டி ஸ்பிரே அடித்தார். முதலில் வலது பக்கம், அப்புறம் அந்த இரண்டு பல். ஒவ்வொரு தடவையும் மகள் கையைத் தூக்கினாள், இரண்டு நொடியில் இறக்கினாள். கம்பி மாட்டலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த படம் ஒரு வருஷம் கழித்து. தேதியை நாங்களே குறித்து வைத்திருக்கிறோம், நினைவுபடுத்த அங்கிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள்.